வானிலை சாஸ்திரமும் நமது வாலிபர்களும்

2017-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி கன்னியாகுமரிக்கருகே ‘ஒக்கி’ப் புயல் உருவாயிற்று. காற்றழுத்தத் தாழ்வாக இருந்தது வெகு சீக்கிரத்தில் முற்றிப் புயலாய்விட்டது. புயலென்று அறிவிக்கப்பட்டபோது, குமரி ஜில்லாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் புறப்பட்ட பல படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையை விட்டுச் சில மைல் தாண்டினால் கைத்தொலைபேசி எட்டாது. சென்ற மீனவரில் பலர் திரும்பவில்லை. விதி என்று சொல்லி இதை மறந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. அறிவு ஓரிடத்திலும், அதை வேண்டியவன் வேறோரிடத்திலும் இருந்தது இத்துயரத்திற்கு ஒரு பெருங்காரணம்.

இவ்விரண்டையும் இணைப்பதற்கென்றே ஒரு கல்வி இருக்கிறது. பிரயோக வானிலை சாஸ்திரமும் காலநிலை சாஸ்திரமும் சேர்ந்தது அது. பௌதிகமோ கணிதமோ கற்றுப் பட்டம் பெற்றவர்கள் எம்.எஸ்ஸி. வகுப்பில் இதைப் பயிலலாம். நாளை மழை வருமா என்று ஆராய்வது வானிலை சாஸ்திரம். முப்பது வருஷக் கணக்கைக் கூட்டிச் சராசரி பார்த்து ஒரு பிரதேசத்தின் இயல்பை அறிவது காலநிலை சாஸ்திரம். இவற்றை உழவனுக்கும், மீனவனுக்கும், ஏரி மதகு திறக்கும் அதிகாரிக்கும் பயன்படச் செய்வதே பிரயோகம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அத்தகைய மழை வருமென்று முன்கூட்டிச் சொன்னால் மட்டும் போதாது; எந்த ஏரியில் எத்தனை அடி நீர் ஏறும், எந்தத் தெரு முழுகும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்ல ஆள் வேண்டும்.

இந்த சாஸ்திரம் நமது நாட்டுக்குப் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் கட்டினர். 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. 1904 முதல் 1924 வரை அதன் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையின் காரணத்தைத் தேடி, பஸிபிக் மகாசமுத்திரத்திற்கும் இந்து மகாசமுத்திரத்திற்கும் இடையே காற்றழுத்தம் ஏறியிறங்குவதைக் கண்டறிந்தார். ஆயினும் அந்நாளில் தலைமையும் அந்நியருடையது; கருவிகளும் அந்நிய நாட்டவை. இந்நிலையை மாற்றியவர்கள் நம்மவரே. 1932-ல் புனாவில் ஏற்பட்ட விவசாய வானிலைப் பகுதியை எல். ஏ. ராமதாஸ் வளர்த்தார். சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிகம் பயின்ற குமாரி அன்னா மணி, 1945-ல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் திரும்பி வந்து, சுமார் நூறு கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்கள் அமைத்து, அவற்றை இங்கேயே செய்ய வழிகோலினார். கதர் உடுத்திய அந்த மாதரசியின் தொண்டைவிடச் சிறந்த சுதேசியம் வேறென்ன?

ஒக்கிக்குப்பின் சும்மாயிருக்கவில்லை நமது விஞ்ஞானிகள். செல்பேசி எட்டாத நடுக்கடலிலும் செயற்கைச் சந்திரன் மூலம் எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டு சேர்க்கும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019-ல் வெளிவந்தது. பிரயோகம் என்று நாம் சொல்வது இதையே.

இப்படிப்பு வெகுதூரத்தில் இல்லை. விசாகப்பட்டினத்து ஆந்திர சர்வகலாசாலையிலும், கொச்சி விஞ்ஞான சர்வகலாசாலையிலும் வானிலை சாஸ்திரம் கற்பிக்கப்படுகிறது. கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையில் பயிர்களுக்குரிய வானிலையைப் படிக்கலாம். புனாவில் 1962-ல் தோன்றிய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

இதனால் வயிறு நிரம்புமா என்று தகப்பன்மார் கேட்பர். நியாயமான கேள்வியே. விமான நிலையமும், காற்றாலையும், பயிர் இன்ஷ்யூரன்ஸும், நீர்ப்பாசனமும் வானத்தை நம்பியிருக்குமட்டும் வானத்தைக் கற்றவனுக்கு வேலை இராமற்போகாது. ஆனால் கடமையை ஸர்க்காரும் பங்கிட்டுக் கொள்ளவேண்டும். மீனவர், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கென உபகாரச் சம்பளம் அளிக்கவேண்டும். கற்றவர்கள் குப்பத்திலும் களத்துமேட்டிலும் ஜனங்களோடு அவர்கள் பாஷையில் பேசப் பழகவேண்டும். எவருக்கும் விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல.

தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. புயலும் அதே பருவத்தில்தான் வருகிறது. வரத்தையும் ஆபத்தையும் ஒரே கையால் தரும் வானத்தை அறிய முன்வருமாறு நமது வாலிபர்களையும் யுவதிகளையும் வேண்டிக்கொள்ளுகிறோம்.