ஏர்வாடி மணலில் நன்னீர் தேடுவோர்க்கு

ஏர்வாடிக் கடற்கரையில் கிணறு வெட்ட முனைவோர், உள்ளங்கையில் தேங்காய் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரையே முதலில் அழைக்கின்றனர். அவர் காட்டும் இடத்தில் நீர் கிடைப்பதில் வியப்பில்லை. இம்மணலில் எங்குத் தோண்டினும் நீருண்டு. நன்னீரா, உவர்நீரா என்பதே கேள்வி. தேங்காய் அதைச் சொல்லாது. (குச்சியை நம்பாமல் நிலத்தின் அமைப்பை நோக்கியே ஊற்றுகளைக் கண்ட பரமேல் என்னும் பிரெஞ்சுக் குருவானவர், 1856இல் அதுபற்றி நூலே எழுதினார்.)

மணலில் இறங்கும் மழைநீர், தன்னினும் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். இறைத்து இறைத்து மேலே அந்த ஓரடி தாழ்ந்தாலோ, உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலேறிவிடும். ஆகவே, வேற்றூர்களில் பலன் தரும் “இன்னும் ஐம்பதடி இறக்குங்கள்” என்னும் யோசனை, இம்மணற்பாங்கில் பெரும்பாலும் கேடாகவே முடியும். கடன் வாங்கி அவ்வாறு இறக்கிய குடும்பத்தார், உப்புநீருக்கு வட்டி கட்டும் அவலத்தை நான் கண்டிருக்கிறேன்.

துளையிடுமுன் மின்தடை ஆய்வு செய்வது நன்று. நான்கு முனைகளை நிலத்தில் ஊன்றி மின்சாரம் செலுத்துவர். உவர்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால் அங்கே தடை குறையும். களிமண்ணும் அவ்வாறே காட்டும். எனவே அண்டை வீட்டுக் கிணற்று நீரைச் சித்திரைக் கோடையில் சுவைத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். செலவில்லாத சோதனை அது!

மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொள்ளும் நம் தாய்மார், ஊற ஊறவே எடுக்கின்றனர். அடியிலுள்ள உப்பு கலங்குவதில்லை. கிணற்றையும் அகலமாக, ஆழங்குறைத்து வெட்டி, சிறிது சிறிதாகவே இறைக்க வேண்டும்.