லெபனான்காரர் கடையும் எத்தியோப்பியர் டாக்சியும்: ஒரு வருமானக் கணக்கு

எந்த வம்சாவளியினர் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பட்டியல் வெளியிடுவது வழக்கம். அதில் லெபனான் வம்சாவளியினர் நெடுங்காலமாகவே நாட்டின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஏறக்குறைய 50,000 டாலர். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. லெபனான் வம்சாவளிக் குடும்பங்களுக்கு அந்தத் தொகை 60,000 டாலரைத் தாண்டியிருந்தது.

எத்தியோப்பியர்களின் கதை வேறு. 2010களின் தொடக்கத்தில் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 50,000 டாலரை ஒட்டி இருந்தபோது, எத்தியோப்பியக் குடும்பங்களுக்கு அது 36,000 டாலர் அளவில்தான் இருந்தது.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே ஒரு பேச்சு கிளம்பும். “அவன் வியாபாரம் தெரிந்த இனம், இவனுக்கு அது வராது” என்பார்கள். நமக்கு இது புதிதா? எந்த இனம் உழைப்பாளி, எந்த இனம் சோம்பேறி என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்துத்தானே நாமும் வளர்ந்தோம். நம்மைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் இந்த இரண்டு சமூகங்களின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில், யார் எப்போது போனார்கள்?

லெபனான் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது 1880களில். அன்று லெபனான் என்று தனிநாடு கிடையாது. துருக்கிய ஒட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்த மலைப்பகுதி அது. போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். அந்த மலையில் முசுக்கட்டைச் செடி வளர்த்து, பட்டுப்புழு வளர்த்து, பட்டுநூலைப் பிரான்சு நாட்டு ஆலைகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு ஜப்பான், சீனப் பட்டு ஐரோப்பாவுக்கு எளிதாக வந்து சேர, இவர்கள் பட்டின் விலை சரிந்தது. 1909இல் கிறிஸ்துவ இளைஞர்களுக்கும் கட்டாய இராணுவச் சேவை வந்தது. முதல் உலகப் போரின்போது அதே மலையில் பெரும் பஞ்சம் தாக்கி ஏறக்குறைய 2 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். முன்பே கிளம்பியவர்கள் தப்பித்தார்கள்.

நியூயார்க்கில் இறங்கியவர்கள் மன்ஹாட்டனின் தென்கோடியில் வாஷிங்டன் வீதியில் கூடினார்கள். ‘குட்டி சிரியா’ என்று அந்த இடத்துக்குப் பெயர். அங்கே முன்னதாக வந்து நிலைத்த சிரியா மொத்த வியாபாரிகள் இருந்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவனின் கையில் காசும் இல்லை, வாயில் ஆங்கிலமும் இல்லை. ஆனாலும் மொத்த வியாபாரி ஒரு பெட்டி நிறையப் பொத்தான், நூல், சரிகைப் பின்னல், ஊசி, செபமாலை எல்லாம் கடனுக்குக் கொடுத்து அனுப்புவார். அவன் அதை முதுகில் சுமந்துகொண்டு, கடையே இல்லாத விவசாயக் கிராமங்களுக்கு நடந்து போய் வீடு வீடாக விற்பான். பெண்களும் இப்படிச் சுமந்து விற்றார்கள். நம் தோட்டங்களுக்குச் சைக்கிளில் துணி மூட்டையோடு வந்து, லயம் லயமாகக் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்த வியாபாரிகளை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஏறக்குறைய அதே தொழில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலைக் கூலிக்குப் போயிருந்தால் வார முடிவில் கூலி மட்டும்தான் கைக்கு வரும். மூட்டை சுமந்தவன் விலை பேசக் கற்றான், வாடிக்கையாளரைப் பிடித்தான், எந்த ஊரில் எது விற்கும் என்று தெரிந்துகொண்டான். சில ஆண்டுகளில் அப்படிப்பட்ட ஊர் ஒன்றில் சின்னதாக ஒரு மளிகைக் கடையோ துணிக்கடையோ போட்டான். பிறகு அவனே அடுத்து வருபவனுக்குச் சரக்கு கொடுத்தான். இலாபம் சமூகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. 1926இல் டல்லாஸ் நகரில் கால்சட்டை தைக்கும் நிறுவனமாகத் தொடங்கிய ஹாகர், ஒரு லெபனான் குடியேறி ஆரம்பித்ததுதான். புகழ்பெற்ற இருதய அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கியும் லெபனானிலிருந்து லூசியானாவுக்குப் போன பெற்றோரின் பிள்ளை.

எல்லாரும் கடைக்காரர் ஆகிவிடவில்லை. 1914இல் ஃபோர்டு நிறுவனம் ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்ததும், தென் லெபனானின் ஷியா முஸ்லிம்கள் உட்பட பலர் டெட்ராய்ட் பக்கம் ஓடினார்கள். இன்றைய டியர்பன் நகரத்து அரபு சமூகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1975இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு அகதிகள் வந்தார்கள். அவர்கள் ஆலையிலும் பெட்ரோல் நிலையத்திலும் வேலை செய்து, பிறகு பெட்ரோல் நிலையங்களை வாங்கினார்கள்.

எத்தியோப்பியர்களைப் பார்ப்போம். 1974க்கு முன் அமெரிக்காவில் இருந்த எத்தியோப்பியர்கள் பெரும்பாலும் மாணவர்கள். படித்து முடித்து ஊர் திரும்பி அரசாங்கப் பதவியில் அமர்வார்கள். அந்த ஆண்டு இராணுவம் பேரரசர் ஹைலே செலாசியைக் கவிழ்த்தது. 1977, 78இல் ‘சிவப்பு பயங்கரம்’ என்ற பெயரில் படித்த இளைஞர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். மாணவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. ஊரில் இருந்தவர்கள் நடந்தே எல்லை கடந்து சூடான் முகாம்களுக்குப் போனார்கள். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்கீழ் அங்கிருந்து ஒரு பகுதியினர் குடியேறினார்கள். 1990களின் நடுவிலிருந்து இன்னொரு வழி திறந்தது. குலுக்கல் முறையில் நிரந்தர வசிப்புரிமை விசா! பள்ளிக் கல்வி முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பெயர் விழுந்துவிட்டால் விமானக் கட்டணம் முதல் முதல் மாத வாடகை வரை எல்லாம் சொந்தச் செலவு. அகதிக்குக் கிடைக்கும் உதவி இவர்களுக்குக் கிடையாது. ஆக, பலர் கடனோடுதான் விமானம் ஏறுகிறார்கள்.

அவர்கள் மற்ற இடங்களைவிட அதிகமாகப் போய்ச் சேர்ந்தது தலைநகர் வாஷிங்டன் வட்டாரம். அங்கே எத்தியோப்பியர்கள் எந்த அளவு இருக்கிறார்கள் என்றால், 2004இல் நகராட்சி கொண்டுவந்த மொழிச் சட்டத்தில் அரசு சேவை கிடைக்க வேண்டிய மொழிகளுள் அம்ஹாரிக்கும் சேர்ந்தது. ஏன் அந்த நகரத்தில் இத்தனை எத்தியோப்பிய டாக்சி ஓட்டுநர்கள்? காரணத்தை அவர்கள் இரத்தத்தில் தேடாமல் உரிமச் சட்டத்தில் தேட வேண்டும். நியூயார்க்கில் டாக்சி வைத்திருக்க ‘மெடாலியன்’ என்ற உரிமத் தகடு வேண்டும். ஒரு காலத்தில் அந்தத் தகட்டின் விலை 10 இலட்சம் டாலரைத் தொட்டது. வாஷிங்டனில் அந்தத் தகட்டு முறையே இல்லை. சொந்தக் காரும் டாக்சி ஓட்டுநர் உரிமமும் இருந்தால் தொழில் தொடங்கிவிட முடிந்தது. ஊரில் ஆசிரியராக, கணக்காளராக இருந்தவரின் சான்றிதழ் அங்கே செல்லாது. ஆனால் ஸ்டியரிங் பிடிக்கச் சான்றிதழ் தேவையில்லை. பிறகு 2010களில் கைப்பேசிச் செயலி வாகனங்கள் வந்து அந்த வருமானத்திலும் கை வைத்தன.

கார் வாங்க முன்பணம்? அதற்கு ‘எக்குப்’ இருக்கிறது. 20 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 500 டாலர் போட்டால் 10,000 டாலர் சேரும். குலுக்கலில் பெயர் வந்தவர் அந்த மாதம் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். வாசிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும், இது நம் ‘கூட்டு’ அல்லவா! (நம் நாட்டில் கூட்டுப் பிடித்தவர்கள் ஓடிப்போன கதைகள் அதிகமாகி 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சட்டத்தின் பெயரிலும் ‘கூட்டு’ என்ற சொல் அப்படியே இருக்கிறது.) சாவு வீட்டுச் செலவுக்கு அவர்களிடம் ‘இதிர்’ என்று தனிச் சங்கம் உண்டு, நம் மரண சகாய நிதி போல.

என் பார்வையில் இரண்டு சமூகங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. லெபனான்காரருக்கு முதலைத் தந்தது மேலே இருந்த மொத்த வியாபாரி. எத்தியோப்பியருக்குத் தருவது தன்னைப் போலவே தினமும் பாடுபடும் தோழன். தோழன் தருவது ஒரு காருக்குப் போதும், ஒரு சின்ன உணவகத்துக்கும் போதலாம். அதற்கு மேல் எட்டாது. கடை என்றால் பெரிதாக்கலாம், பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கலாம், மகனைக் கல்லாவில் உட்கார வைக்கலாம். டாக்சி அப்படியல்ல. 12 மணி நேரம் ஓட்டினால் 12 மணி நேரத்துக் காசு. கார் பழசானால் பூஜ்யம்.

நிறத்தையும் சொல்லாமல் விட முடியாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குடியுரிமை வெள்ளையருக்கும், 1870க்குப் பிறகு கறுப்பினத்தாருக்கும் மட்டும்தான். இடையில் நின்ற ஆசியர்களுக்குக் கிடையாது. சிரியாக்காரர் வெள்ளையரா, ஆசியரா என்று வழக்கு மேல் வழக்காக நடந்து, 1915இல் ஜார்ஜ் டவ் என்பவரின் மேல்முறையீட்டில் ‘வெள்ளையர்தான்’ என்று தீர்ப்பானது. அந்த ஒரு சொல்லின் விலை என்ன? வெள்ளையருக்கு மட்டும் வீடு விற்ற பகுதிகளில் வீடு வாங்கலாம், 1930களுக்குப் பிறகு அரசு உத்தரவாதத்தோடு வங்கி தந்த வீட்டுக் கடனை வாங்கலாம். அமெரிக்கக் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் வீட்டில்தான் சேர்ந்தது. எத்தியோப்பியர்கள் வந்தபோது இன ஒதுக்கல் சட்டங்கள் ஒழிந்திருந்தன, உண்மைதான். ஆனால் வேலை கேட்டுப் போகும் இடத்தில் அவர்களைக் கறுப்பினத்தாராகவே பார்த்தார்கள். அதற்கு முன் தங்களை அப்படி ஒரு வகையாக நினைத்தே பார்க்காத மக்கள் அவர்கள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன எண்களுக்கு வருவோம். 60,000 டாலர் சம்பாதித்த லெபனான் குடும்பங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவை. பலருக்குத் தாத்தாவின் அப்பாதான் மூட்டை சுமந்தவர். 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் சிரியா, லெபனான் பகுதிக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று கதவைச் சாத்தியதால், அடுத்த 40 ஆண்டுகள் புதிய ஏழைகள் வந்து அந்தச் சராசரியைக் கீழே இழுக்கவும் இல்லை. எத்தியோப்பியரின் 36,000 டாலரோ, நேற்று இறங்கியவரையும் சேர்த்த கணக்கு. அமெரிக்காவில் பிறந்த அவர்களின் பிள்ளைகள் இப்போதுதான் வேலைக்குப் போகும் வயதை எட்டுகிறார்கள். நான்காம் தலைமுறையை முதல் தலைமுறையோடு நிறுத்தி ஓடவிட்டால் யார் முந்துவார் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

இந்த இரண்டு மக்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் இல்லை. பெய்ரூட் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறது. நெருக்கடிக்கு முன் லெபனானில் ஏறத்தாழ 250,000 வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இருந்ததாக மதிப்பீடு. அவர்களில் எத்தியோப்பியப் பெண்களே அதிகம். அவர்களுக்கு முன்னால் இலங்கைப் பெண்கள் அங்கே அவ்வளவு பேர் வேலை செய்தார்கள். பணிப்பெண் எந்த நாட்டவளாக இருந்தாலும் ‘ஸ்ரீலங்கியே’ என்று கூப்பிடும் வழக்கமே லெபனான் பேச்சில் வந்துவிட்டது.

‘கஃபாலா’ என்ற முறையில் அந்தப் பெண்ணின் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவர் ஒப்புக்கொள்ளாமல் வேலை மாறினால் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவாள். நாட்டின் 1946ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்கவே இல்லை. கடவுச்சீட்டு முதலாளியின் அலமாரியில் இருக்கும். இது நம் ஊரிலும் கேள்விப்படாத விஷயமல்ல.

2019 அக்டோபரில் லெபனான் வங்கிகள் கதவடைத்தன. 1997 முதல் ஒரு டாலருக்கு 1,507.5 லிரா என்று கட்டிவைத்திருந்த மதிப்பு அறுந்தது. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கடை நடத்திச் சேர்த்த டாலரை, நல்ல வட்டி வரும் என்று ஊர் வங்கியில் போட்டுவைத்த வெளிநாட்டு லெபனான்காரர்களின் பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது. மாதம் 150 டாலருக்கு ஈடாக 226,000 லிரா வாங்கிய பணிப்பெண்ணுக்கு, சந்தையில் டாலர் 15,000 லிரா ஆனபோது அதே சம்பளம் 15 டாலர். அந்த நிலை வருவதற்கு முன்பே, சம்பளம் தர முடியாத முதலாளிகள் 2020 ஜூனில் பெண்களைப் பெட்டியோடு காரில் ஏற்றிக்கொண்டு போய் பெய்ரூட்டில் எத்தியோப்பியத் தூதரக அலுவலகத்தின் வாசலில் இறக்கிவிட்டார்கள். பலருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. கடவுச்சீட்டும் கையில் இல்லை. அந்த நடைபாதையிலேயே மெத்தை விரித்துப் படுத்தார்கள்.

2024 செப்டம்பரில் இஸ்ரேலியக் குண்டுவீச்சு தீவிரமானபோது தென் லெபனான் குடும்பங்கள் கிடைத்த வண்டியில் வடக்கே ஓடின. அவற்றில் சில, பணிப்பெண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயின. தப்பி வந்த பெண்களில் பலருக்கு அரசு திறந்த முகாம்களில் இடம் தரவில்லை. லெபனான் நாட்டவர்களுக்கு மட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.