சூரியனின் சீற்றமும் காந்த மத்தியகோட்டு வானமும்

சூரியனில் நிகழும் கொந்தளிப்புகள் துருவப் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள நாடுகளுக்கு மாத்திரமே உரிய கவலை என்ற எண்ணம் பரவலாகக் காணப்படுகின்றது. 1989 மார்ச் மாதத்தில் சூரியப் புயலொன்றினால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணித்தியாலங்கள் மின்சாரமின்றித் தவித்தனர். இரண்டு தசாப்தங்களில் மிகப் பலம் வாய்ந்ததாகக் கருதப்படும் 2024 மே மாதப் புயலின் போதும், உலகின் கவனம் வானில் தோன்றிய துருவ ஒளியின் வண்ணங்களிலேயே பதிந்திருந்தது. ஆனால், அத்தகைய வண்ணங்கள் தென்படாத எமது வானத்திற்கும் சூரியனின் சீற்றத்திற்கும் தொடர்பில்லை என்று நாம் அமைதியடைந்துவிட முடியாது.

தரையிலிருந்து சுமார் 60 கிலோமீற்றருக்கு மேலே, வளி அடர்த்தி குன்றியிருக்கும் உயரங்களில், சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற பகுதியே அயன் மண்டலம் எனப்படுகின்றது. 1901 ஆம் ஆண்டில் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வானொலிச் சமிக்ஞை அனுப்பிய போது, அந்த அலைகள் வளைந்த பூமியைச் சுற்றி எவ்வாறு சென்றன என்ற கேள்வி எழுந்தது. அவற்றைத் திருப்பியனுப்பும் படை வானில் இருப்பதை 1924 இல் பரிசோதனை மூலம் நிரூபித்த பிரித்தானிய விஞ்ஞானி எட்வர்ட் அப்பிள்டன், 1947 இல் நோபல் பரிசு பெற்றார்.

இம்மண்டலம் எல்லா இடங்களிலும் ஒரே தன்மையுடையதல்ல. பூமியின் காந்தப் புலம் தரைக்குச் சமாந்தரமாக அமையும் இடங்களை இணைக்கும் கோடு காந்த மத்தியகோடு ஆகும். அது புவியியல் மத்தியகோட்டிலிருந்து விலகி, எமது பிராந்தியத்தில் இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கின்றது. இக்கோட்டின் மேலே, 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகல் வேளைகளில் கிழக்கு நோக்கிப் பலமான மின்னோட்டமொன்று ஒடுங்கிய பட்டையாகப் பாய்கின்றது. சூரியன் மறைந்த பின்னரோ, அயன் மண்டலத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பி மேலெழுகின்றன. இக்குமிழ்களினூடாக வரும் செய்மதிச் சமிக்ஞைகள், நட்சத்திரங்கள் மினுங்குவது போன்று தடுமாறுகின்றன. சில வேளைகளில் கருவிகள் அவற்றை முற்றாக இழந்துவிடுகின்றன. இதற்குப் பெரும் புயல் தேவையில்லை. சூரியன் உச்ச நிலையிலுள்ள வருடங்களில் சாதாரண இரவுகளிலும் இது நிகழக்கூடியது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

இந்த வானத்தின் முக்கியத்துவத்தை அயல்நாடான இந்தியா நீண்டகாலத்திற்கு முன்னரே உணர்ந்துகொண்டது. கேரளத்தின் தும்பா என்னும் மீனவக் கிராமம் ரொக்கெட் ஏவுதளமாகத் தெரிவு செய்யப்பட்டமைக்கு, அது காந்த மத்தியகோட்டுக்கு மிக அருகில் அமைந்திருந்ததே காரணம். அங்கிருந்து 1963 நவம்பர் 21 ஆம் திகதி ஏவப்பட்ட முதலாவது ரொக்கெட் சோடியம் ஆவியை ஏந்திச் சென்று மேல்வளிமண்டலத்தை ஆராய்ந்தது. கொடைக்கானல் மலையில் சூரியனை அவதானிக்கும் பணி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கின்றது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜோன் எவர்ஷெட் 1909 இல் கண்டறிந்தது அங்கேயே. 2023 செப்டெம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் சூரியனை ஆராய்வதற்காக நிலைநிறுத்தப்பட்டது.

இத்தகைய ஆய்வுகளை ஆடம்பரம் எனக் கருதுவோருக்கு 2022 பெப்ரவரி மாத நிகழ்வொன்று தக்க பதிலாகும். அப்போது ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பாலானவை சில தினங்களிலேயே வளிமண்டலத்தில் வீழ்ந்து எரிந்தன. அத்தனைக்கும் அன்று வீசியது பெரும் புயலன்று. புயலினால் சூடேறிய மேல்வளி விரிவடைந்து அடர்த்தி கூடியமையால், தாழ்வான பாதையிலிருந்த செய்மதிகள் எதிர்பாராத உராய்வுக்கு உட்பட்டன.

ஆழ்கடலுக்குச் செல்லும் எமது மீனவர்கள் திசையறியச் செய்மதி வழிகாட்டிக் கருவிகளையே பெரிதும் நம்பியுள்ளனர். விமானப் போக்குவரத்து, நில அளவை, தொலைத்தொடர்பு ஆகியனவும் அவ்வாறே. நடுக்கடலில் இரவு வேளை கருவி தடுமாறினால், அது பழுதா அல்லது வானத்தின் விளைவா என்பதைப் படகிலிருப்பவர் அறிய வழியில்லை. காலநிலை எச்சரிக்கை போன்று விண்வெளி நிலை பற்றிய எச்சரிக்கையும் அவர்களைச் சென்றடைய வேண்டும்.

சூரியச் செயற்பாடு சுமார் 11 வருடங்களுக்கு ஒரு முறை உச்சத்தை அடைகின்றது. உச்சம் கடந்துவிட்டால் ஆபத்து நீங்கியது எனவும் கொள்ள முடியாது. 2003 ஒக்டோபரில் உலகைக் கலங்கடித்த புயல்கள் உச்சம் கடந்து ஈராண்டுகளின் பின்னரே வீசின. செய்மதிச் சமிக்ஞைகளின் தடுமாற்றத்தைப் பதிவு செய்யும் கருவிகளுக்கு ரொக்கெட்டுக்கான செலவு தேவையில்லை. ஒரு பல்கலைக்கழகக் கட்டிடத்தின் கூரையே போதுமானது. தேவைப்படுவது வருடக்கணக்கில் தளராது பதிவு செய்யும் பொறுமையும், பெறப்பட்ட தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் மனமுமாகும். உலகின் ஏனைய நாட்டு விஞ்ஞானிகள் தேடிவந்து ஆராயும் வானம் எமது தலைக்கு மேலேயே விரிந்திருக்கின்றது. அதனைப் பற்றிய அறிவைப் பிறரிடமிருந்து பெறுபவர்களாக மாத்திரமன்றி, பிறருக்கு வழங்குபவர்களாகவும் எமது இளைய தலைமுறையினர் உருவாக வேண்டும்.