ஒரே படத்தில் 8 வேடம் போட்டவர்; தெருவில் நடந்தால் யாருக்கும் தெரியாது!

தகப்பன் பேர் தெரியாத லண்டன் பையன் உலக நடிகர் ஆன கதை

பெரிய ஓட்டல் ஒன்று. சாப்பிட வந்த பெரியவர் தன்னுடைய கோட்டையும் தொப்பியையும் வாசலில் இருந்த சிப்பந்தியிடம் கழற்றிக் கொடுத்தார். டோக்கன் கேட்டார்.

அதெல்லாம் உங்களுக்கு வேணாம் சார் என்று சிரித்தார் சிப்பந்தி.

பெரியவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பரவாயில்லையே, நம்மையும் நாலு பேருக்கு அடையாளம் தெரிகிறதே என்று நினைத்தபடி உள்ளே போனார்.

சாப்பிட்டுத் திரும்பினார். கோட்டு கைக்கு வந்தது. அதன் பைக்குள் கையை விட்டால் ஒரு துண்டுச் சீட்டு. கோட்டு யாருடையது என்று மறந்துவிடாமல் இருக்கச் சிப்பந்தி எழுதி வைத்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"வழுக்கை, கண்ணாடி."

அந்த வழுக்கைப் பெரியவர்தான் சர் அலெக் கின்னஸ். ஆஸ்கார் பரிசு பெற்றவர். 1959-ல் இங்கிலாந்து ராணி "சர்" பட்டம் கொடுத்த நடிகர். நாடகக்காரர்கள் அவரைப் பற்றி விரும்பிச் சொல்லும் கதை இது.

வேடம் போட்டால் அவரைப் போல ஆள் கிடையாது. வேடத்தைக் கலைத்தால் அவரை யாருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய பலம்.

காலி இடம்

1914-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி லண்டனில் பிறந்தார் கின்னஸ். தாயார் பெயர் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் எழுதவேண்டிய இடம் காலி. கடைசி வரை அது நிரம்பவே இல்லை.

பாங்கி அதிகாரி ஒருவர் மாமா என்று சொல்லிக்கொண்டு எப்போதாவது வந்து பார்ப்பார். பள்ளிக்கூடச் சம்பளமும் அவர்தான் கட்டினார். அவரே அப்பாவாக இருக்கும் என்று கின்னஸ் நம்பினார். ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

தாயார் ஓர் இடத்தில் நிலைத்து இருந்தவர் அல்ல. இன்று ஒரு ஓட்டல், நாளை ஒரு வாடகை அறை. வாடகை பாக்கி ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் இடத்தைக் காலி செய்வார். 14 வயதுக்குள் ஏறக்குறைய 30 இடங்களில் குடியிருந்ததாகக் கின்னஸ் பிற்காலத்தில் எழுதினார். அதற்குள் அவருக்கு 3 பெயர்கள் வேறு! தாயார் வழிப் பெயர் ஒன்று, தாயார் மறுமணம் செய்துகொண்டவரின் பெயர் ஒன்று. மூன்றாவதுதான் கின்னஸ்.

நான் யார் என்று கேட்டால் பதில் தெரியாத பையன், வேறு ஆளாக மாறி நிற்கும் மேடையைத் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை.

"நடிப்பு வராது!"

படிப்பு முடிந்ததும் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை. சரக்குகளுக்கு விளம்பர வாசகம் எழுத வேண்டும். மனசு என்னவோ நாடகக் கொட்டகையில்தான் இருந்தது.

அப்போது இங்கிலாந்து நாடக உலகில் கொடிகட்டிப் பறந்தவர் ஜான் கில்கட். முன்பின் பழக்கம் இல்லாமலே அவருக்குப் போன் போட்டார் கின்னஸ். கில்கட் எரிந்து விழவில்லை. மார்ட்டிடா ஹண்ட் என்ற நடிகையிடம் பாடம் கற்றுக்கொள்ளும்படி வழி காட்டினார்.

சில வகுப்புகள் நடந்தன. பிறகு அந்த அம்மையார் கையை விரித்துவிட்டார். உனக்கு நடிப்பு சரிப்படாது, காசை வீணாக்காதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கின்னஸ் விடவில்லை. ஒரு நாடகப் பள்ளியில் உதவித்தொகை வாங்கிச் சேர்ந்தார். பல நாள் அரை வயிறுதான். 1934-ல் சரியாகத் தன் 20-வது பிறந்த நாளன்று முதல் முறையாகத் தொழில் நாடக மேடை ஏறினார். பேச ஒரு வரி கூட இல்லாத வேடம். நாடகம் வேறு கொட்டகைக்கு மாறியபோது சம்பளம் வாரத்துக்கு ஒரு பவுண்டு ஆயிற்று.

அதுவும் முடிந்தது. கையில் காசு இல்லை. மறுபடியும் கில்கட்டிடம் போனார். கில்கட் சொன்ன இடங்களுக்கெல்லாம் சான்ஸ் கேட்டு அலைந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பையன் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்ட கில்கட், 20 பவுண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பட்டினி கிடந்த பையன் அதைத் தொடவில்லை. அவருக்கு வேண்டியது வேலை.

அந்த வேலையையும் கில்கட்டே கொடுத்தார். அதே ஆண்டு அவர் நடத்திய "ஹாம்லெட்" நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடம். ஒத்திகையில் சகட்டுமேனிக்குத் திட்டு. போய் யாரிடமாவது நடிக்கக் கற்றுக்கொண்டு ஒரு வாரம் கழித்து வா என்று விரட்டிக்கூட விட்டார்! ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அதே கில்கட் பாராட்டினார். 4 வருடம் கழித்து, 1938-ல், ஓல்டு விக் நாடக சபையில் ஹாம்லெட் வேடமே கின்னசுக்குக் கிடைத்தது.

1939-ல் டிக்கன்சின் "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" நாவலை அவரே நாடகமாக எழுதி நடித்தார். கூட நடித்தவர் யார் தெரியுமா? நடிப்பு வராது என்று சொன்ன அதே மார்ட்டிடா ஹண்ட்!

ஒரே ஆள், 8 பேர்

யுத்தம் வந்தது. கடற்படையில் சேர்ந்தார். 1943-ல் சிசிலித் தீவுப் படையெடுப்பின்போது, துருப்புகளைக் கரையில் இறக்கும் கப்பல் ஒன்றுக்கு அவர் தலைவர்.

யுத்தம் முடிந்ததும் சினிமா கூப்பிட்டது. அவருடைய டிக்கன்ஸ் நாடகத்தைப் பார்த்திருந்த டைரக்டர் டேவிட் லீன், 1946-ல் அதே கதையைப் படமாக்கினார். கின்னசுக்கும் மார்ட்டிடா ஹண்டுக்கும் நாடகத்தில் போட்ட அதே வேடங்கள்.

அடுத்து "ஆலிவர் ட்விஸ்ட்". திருட்டுப் பயல்களுக்குத் தலைவனான கிழவன் ஃபேகின் வேடத்தைக் கேட்டார் கின்னஸ். 30-களில் இருக்கும் உனக்கா கிழவன் வேடம் என்று லீன் தயங்கினார். ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி, மேக்கப்புடன் வந்து நின்றார் கின்னஸ். லீன் வாயை மூடிக்கொண்டார்.

படம் 1948-ல் வெளிவந்தது. கூடவே சர்ச்சையும் வந்தது. பெரிய மூக்கும் தாடியுமாக இருந்த அந்த வேடம் யூதர்களை இழிவு செய்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்காவில் 1951-ல்தான், அதுவும் வெட்டுகளோடு, படத்தைக் காட்ட முடிந்தது.

1949-ல் வந்த "கைண்ட் ஹார்ட்ஸ் அண்டு காரோனெட்ஸ்" படத்தில் அவருக்கு முதலில் வந்தது 4 வேடங்கள். கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவர், 4 எதற்கு, 8 போடக்கூடாதா என்று தந்தி அடித்தார். அப்படியே நடந்தது. பிரபு, பாதிரியார், கடற்படைத் தளபதி, ஒரு சீமாட்டி கூட! 8 பேரும் ஒரே குடும்பம். 8 பேரும் கின்னஸ்.

ஒரு காட்சியில் 6 கின்னஸ் சேர்ந்து தெரிய வேண்டும். காமிராவை ஓர் அங்குலம் நகர்த்தாமல், ஒவ்வொரு வேடமாகப் போட்டு, அதே பிலிமில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். யாராவது தட்டிவிடப் போகிறார்களே என்று காமிராமேன் ராத்திரி ஸ்டூடியோவிலேயே படுத்துக்கொண்டார்.

மகன் நடந்த நடை

1957-ல் வந்தது "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்". ஜப்பானியரிடம் கைதியான கர்னல் நிக்கல்சன் வேடத்தை முதலில் வேண்டாம் என்று தட்டிக் கழித்தார் கின்னஸ். பட அதிபர் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். படப்பிடிப்பு இலங்கையில், களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கலவில் நடந்தது. கர்னல் எப்படிப்பட்டவர் என்று டைரக்டர் லீனுக்கும் அவருக்கும் ஓயாத வாக்குவாதம்.

படத்தில் ஒரு காட்சி. வெயிலில் தகிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டுக் கிடந்த கர்னல் வெளியே வருகிறார். கால் பின்னுகிறது. ஆனாலும் விறைப்பாக நடக்கப் பார்க்கிறார். அந்த நடை கின்னசின் மகன் மேத்யூவின் நடை! 11 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, பிழைத்தெழுந்த பிள்ளை தட்டுத் தடுமாறி நடந்ததைத் தகப்பன் கண் மறக்கவில்லை. தான் நடித்ததிலேயே நல்ல காட்சிகளில் ஒன்று அது என்று கின்னஸ் கருதினார். அந்தப் படம்தான் ஆஸ்கார் பரிசு வாங்கிக் கொடுத்தது.

அந்தச் சயாம்-பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் போட்டது 1942, 1943-ல். மலேயா தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கே மாண்டார்கள். படத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சு இல்லை. அது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை.

பணம் கொட்டியது, ஆனால்...

63-வது வயதில் யாரும் எதிர்பாராத அதிர்ஷ்டம். 1977-ல் வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தில் ஓபி-வான் என்ற கிழ வீரர் வேடம். சம்பளத்தோடு, டைரக்டர் ஜார்ஜ் லூக்காசுக்கு வரும் லாபத்தில் 2.25 சதவீதம் பங்கு. படம் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டது. கின்னசுக்கு அதுவரை காணாத பணம் வந்தது.

ஆனால் அந்த வசனங்கள் அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. 40 வருட உழைப்பை மறந்துவிட்டு, தெருவில் பார்ப்பவர்கள் இந்த ஒரு வேடத்தையே பேசியது அவரை வாட்டியது. இந்தப் படத்தை 100 தடவைக்கு மேல் பார்த்தேன் என்று ஒரு சிறுவன் பெருமையாகச் சொன்னான். இனிமேல் பார்க்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு என்றார் கின்னஸ். பையன் ஓவென்று அழுதுவிட்டான். அவன் தாயாருக்குக் கோபம்.

அவர் மனசுக்கு ஒத்த வேடம் 1979-ல் டெலிவிஷனில் வந்தது. ஜான் லெ காரே கதையில் வரும் ஒற்றன் ஸ்மைலி. கூட்டத்தில் நின்றால் யார் கண்ணுக்கும் படாத ஆள். கின்னசுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! வேடத்துக்காக, பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்டுஃபீல்டுடன் உட்கார்ந்து சாப்பிட்டு, அவருடைய நடை உடை பாவனைகளைக் கவனித்துக்கொண்டார்.

1984-ல் லீனின் "எ பேசேஜ் டு இந்தியா" படத்தில் இந்தியப் பேராசிரியர் காட்போலே வேடம். நம் நீலகிரி மலை ரயிலும் அதில் தலை காட்டுகிறது. வெள்ளைக்காரருக்கு ஏன் இந்தியர் வேடம் என்று விமர்சனம் எழுந்தது. அவர் நடித்த பகுதிகளும் வெட்டுப்பட்டன. லீனோடு மனஸ்தாபம்.

ஒரே வீடு

2000-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி, 86-வது வயதில் கின்னஸ் காலமானார். 1938-ல் கைப்பிடித்த மனைவி மெருலா, இரண்டரை மாதத்துக்குள் அவரைப் பின்தொடர்ந்தார். 62 வருட தாம்பத்தியம்.

சிறு வயதில் 30 இடம் மாறிய அந்தப் பையன், பெரியவன் ஆனதும் ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டான். 40 வருடத்துக்கு மேல் அதே வீடுதான். வாடகை பாக்கி கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை.