கருப்பைச் சோதனையும் மாதர் சம்மதமும்

மாதரின் உள்ளுறுப்பைப் பற்றித் தினசரிப் பத்திரிகையில் எழுதுவது முறையா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆஸ்பத்திரியில் சம்மதப் பத்திரம் நீட்டப்படும்போது பேனாவை முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் கணவரே. அதனைப் படித்துப் பார்ப்பவர் வெகு சிலரே. ஆதலின் இதனை ஆடவர்க்கென்றே எழுதுகிறோம்.

மாதவிடாய் அளவு மீறிப் பெருகினாலும், அடியோடு நின்ற பின்னர் மீண்டும் உதிரம் கண்டாலும், கர்ப்பம் அடிக்கடி சிதைந்தாலும் வைத்தியர்கள் 'ஹிஸ்டராஸ்கோபி' செய்யச் சொல்வதுண்டு. ஒளியும் காமிராவும் பொருந்திய மெல்லிய குழாயைக் கருப்பையின் வாய் வழியே செலுத்தி உட்புறத்தை நேரே பார்ப்பதே இச்சோதனை. இது புதிய வித்தையன்று. மாதவிடாய் நின்ற பின் உதிரப் போக்கினால் வருந்திய 60 வயது மாது ஒருத்தியின் கருப்பையை, பாந்தலியோனி என்னும் வைத்தியர் 1869-ம் வருஷத்திலேயே இவ்விதம் நோக்கி, அங்கே ஒரு சதை வளர்ச்சியைக் கண்டு வெள்ளிக் காரத்தால் சுட்டார்.

இதில் வயிற்றைக் கீறுவதில்லை, தழும்பும் இல்லை. குழாயின் குறுக்களவு சாதாரணமாக 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று படிந்து கிடப்பதால், உப்பு நீரைச் செலுத்தி விரித்த பின்னரே எதுவும் புலப்படும். குழாய் வாயைக் கடக்கும்போதும், சுவர்கள் விரியும்போதும் மாதவிடாய் வலி போன்ற இறுக்கம் தோன்றும். பார்ப்பதற்கு மட்டுமானால் சில நிமிஷங்கள் போதும். சதையை அகற்றுவதானால் அரை மணி நேரமும் அதற்கு மேலும் செல்லலாம். கர்ப்பம் இல்லையென்று நிச்சயித்துக்கொண்டு, மாதவிடாய் நின்ற சில நாட்களுக்குள் செய்வது வழக்கம். பின்னர் ஒரு வாரம் வரையில் சிறிது உதிரம் படலாம். காய்ச்சல், துர்நாற்றம், மிகுந்த ரத்தப் போக்கு, வளர்ந்துகொண்டே போகும் வயிற்றுவலி ஆகியவை கண்டால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். கருவி கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது அபூர்வம், ஆயினும் நேர்வதுண்டு.

இனி வலியின் விஷயம். சிலர் அதனை எளிதில் தாங்கிவிடுகிறார்கள். சிலருக்கோ அது பொறுக்கமுடியாத வேதனை. பின்னவரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுவது வைத்தியமாகாது. ஒரு மணி நேரம் முன்னதாக வலி மாத்திரை உட்கொள்ளலாம். கருப்பை வாயை மரத்துப்போகச் செய்யும் ஊசி உண்டு. முழு மயக்கமும் உண்டு. முழு மயக்கத்துக்குப் பட்டினி இருக்கவேண்டும். வீட்டுக்கு அழைத்துச் செல்லத் துணையும் வேண்டும். இவற்றுள் எது வேண்டுமென்று முன்னரே கேட்கப்பெறுவதும், நடுவே "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்தப்பெறுவதும் அவளுடைய உரிமைகள். இங்கிலாந்தின் மகப்பேற்று வைத்தியர்களது ராயல் காலேஜும் 2023-ல் இவ்வாறே வற்புறுத்தியது. பிரசவ வலியைத் தாங்கியவளுக்கு இது ஒரு பொருட்டா என்று பேசும் ஆடவர்கள், பல் பிடுங்க ஊசி கேட்காதவர்களாக இருக்கவேண்டும்.

சட்டம் சொல்வதையும் கூறவேண்டும். டெல்லியில் மணமாகாத 44 வயது மாது ஒருத்தி, வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாயால் உள்ளே நோக்கும் மற்றொரு சோதனைக்கு இசைந்தாள். அவள் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. வயது வந்து, சித்த சுவாதீனமுள்ளவளுக்குப் பதிலாகத் தாய் சம்மதிக்க இயலாதென்றும், பார்ப்பதற்குத் தந்த சம்மதம் அகற்றுவதற்குத் தந்த சம்மதமாகாதென்றும் 2008-ம் வருஷம் ஜனவரியில் கோர்ட்டார் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் விதித்தார்கள். உயிரையோ ஆரோக்கியத்தையோ காப்பாற்றத் தாமதிக்க முடியாத அவசரம் ஒன்றையே விலக்காக வைத்தார்கள்.

தாய்க்கு இல்லாத அதிகாரம் கணவருக்கு எங்கிருந்து வரும்? கட்சிக்காரர் கையொப்பமில்லாத வக்காலத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்பதில்லை. ஆதலின், பார்ப்பது, பரீட்சைக்குச் சிறு துணுக்கு எடுப்பது, கண்ட சதையை அப்போதே அகற்றுவது ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரும்படி கேளுங்கள். அவளுக்குத் தெரிந்த பாஷையில் படித்துக் காட்டி, எதற்கு இசைகிறாள், எதற்கு இசையவில்லை என்பதை அவளே குறிக்கட்டும். சோதனை நாளன்று வாசலில் நின்று அவசரமாகச் செய்யவேண்டிய வேலையன்று இது. முந்தின வாரமே பத்திரத்தை வீட்டுக்கு வாங்கிவந்துவிடலாம்.