பிளினாட்டுமோமாப் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பிளினாட்டுமோமாப் என்பது பி-செல் வகைக் கடுமையான லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் எதிர்ப்பொருள் மருந்து. இதன் வணிகப் பெயர் பிளின்சைட்டோ. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோய் மீண்டும் தோன்றியவர்களுக்கு மட்டுமன்றி, நோய் தணிந்த பின்னும் நுண்ணளவில் எஞ்சியுள்ள புற்றுச் செல்களை அகற்றவும் இது பயன்படுகிறது.

இம்மருந்தின் ஒரு முனை புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி19 என்னும் புரதத்தைப் பற்றுகிறது. மறுமுனை உங்கள் உடலின் டி-செல்லைப் பற்றுகிறது. அவ்வாறு அருகே கொண்டுவரப்பட்ட டி-செல்லே புற்றுச் செல்லை அழிக்கிறது. நலமான பி-செல்களிலும் சிடி19 இருப்பதால் அவையும் அழியும். தொற்று எளிதில் ஏற்படலாம்.

உடலில் சேரும் மருந்தில் பாதி ஏறத்தாழ 2 மணி நேரத்தில் நீங்கிவிடும். ஆகவே ஒரு சுற்றில் 28 நாட்கள், இரவு பகலாக, சிறிய பம்பு மூலம் இது சிரையினுள் செலுத்தப்படுகிறது. தொடக்க நாட்களை மருத்துவமனையில் கழித்தபின், பலர் பம்புடன் வீடு திரும்புவர்.

வீட்டில் மிகுந்த கவனம் தேவைப்படுவது இந்தப் பம்புக்கும் குழாய்க்கும்தான். பம்பின் அமைப்பை மாற்றாதீர்கள். குழாயில் அடைப்பு ஏற்பட்டதாகத் தோன்றினாலும் உப்புநீர் செலுத்திக் கழுவக் கூடாது. குழாயினுள் தங்கியுள்ள மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து அளவு மிகுந்துவிடும். அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள செவிலியரிடம் இதை முதலில் கூறுங்கள். குழாயைக் கழுவுவது அவர்களுக்கு அன்றாட வழக்கம். பம்பு நின்றால் உடனே சிகிச்சைக் குழுவை அழையுங்கள். தடை 4 மணி நேரத்தைக் கடந்தால், மருத்துவக் கண்காணிப்பில்தான் மீண்டும் தொடங்க வேண்டும்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவை டி-செல்கள் அளவுமீறித் தூண்டப்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் சில நாட்களில் தோன்றும். காய்ச்சல் தொற்றினாலும் வரக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

நரம்பு மண்டலப் பாதிப்பை நோயாளி தாமே உணராமல் போகலாம். பேச்சுக் குழறல், குழப்பம், கைநடுக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றை உடனிருப்பவரே முதலில் காண்பார். நாள்தோறும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து சிதைந்தால் தாமதமின்றித் தெரிவியுங்கள். வலிப்பு ஏற்பட்டால் உடனடியாக அவசர ஊர்தியை அழையுங்கள்.

சிகிச்சைக் காலத்தில் வாகனம் ஓட்டக் கூடாது. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளையும் தவிர்க்க வேண்டும். சிகிச்சையின்போதும், கடைசி மருந்தளவுக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் வரையிலும், பெண்கள் கருத்தரிப்பையும் தாய்ப்பாலூட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.