ஹோல்ட் வீட்டுப் பிள்ளைகள்

வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க ஒரு குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கிடையாது என்றது அமெரிக்கச் சட்டம். எட்டுப் பேர் வேண்டும் என்றார் ஹாரி ஹோல்ட்.

1955ஆம் வருஷம். ஓரிகன் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்ற சிற்றூர். ஹாரி மரம் அறுக்கும் மில் நடத்திச் சம்பாதித்தவர். 1950இல் மாரடைப்பு வந்ததும் மில்லை விட்டுவிட்டு நிலத்தோடு இருந்துகொண்டார். மனைவி பெர்த்தா நர்ஸ் படிப்பு முடித்தவர். இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டி. சொந்தப் பிள்ளைகளே ஆறு பேர். இனிமேல் பேரன் பேத்தி எடுக்கிற வயதில், கடல் கடந்த தேசத்திலிருந்து இன்னும் எட்டுப் பேரைக் கொண்டுவரக் கிளம்பினார்கள்.

காரணம் ஒரு சினிமா. 1954 டிசம்பரில், வேர்ல்ட் விஷன் அமைப்பைத் தொடங்கிய பாப் பியர்ஸ், பக்கத்து ஊரான யூஜீனில் கொரியாவைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். யுத்தம் நின்று ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை அங்கே யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹோல்ட் தம்பதி முதலில் மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். அது போதவில்லை. நம்மூர் சபைகளில் 'பாரம்' என்பார்களே, அது அவர்கள் மேல் இறங்கியிருந்தது.

சட்டத்தில் வழி இல்லையென்றால் சட்டத்தை மாற்று என்று ஓரிகனின் செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கரைப் பிடித்தார்கள். இந்த ஒரு குடும்பத்துக்கென்றே மசோதா வந்து, நாடாளுமன்றத்தில் சுருக்க நிறைவேறியது. அதுவரைகூட ஹாரி பொறுக்கவில்லை. மசோதா நிலுவையில் இருக்கும்போதே விமானம் ஏறிவிட்டார். வழியில் டோக்கியோவில் தங்கிய இரவு, செய்வது சரிதானா என்ற தவிப்போடு வேதாகமத்தைத் திறந்தார். ஏசாயா 43ஆம் அதிகாரம் வந்தது. கிழக்கிலிருந்து சந்ததியைக் கொண்டுவருவதாகக் கர்த்தர் சொல்லும் இடம். அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லை. பெர்த்தா அடுத்த வருஷம் எழுதிய புத்தகத்தின் தலைப்பும் அந்த வசனத்திலிருந்து எடுத்ததுதான்.

அக்டோபர் 14ஆம் தேதி ஹாரி போர்ட்லாந்து விமான நிலையத்தில் இறங்கியபோது அவரோடு 12 குழந்தைகள் வந்தார்கள். எட்டுப் பேர் தங்கள் வீட்டுக்கு, மீதி மற்ற குடும்பங்களுக்கு. பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். படங்கள் நாடெங்கும் போயின. 'எங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டும்' என்று கடிதங்கள் வந்து குவிந்தன.

கதை இதோடு நின்றிருந்தால் ஞாயிறு பள்ளியில் சொல்லும் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் கடிதம் எழுதிய ஒவ்வொருவருக்கும் ஹாரி பதில் சொல்ல நினைத்தார். 1956இல் ஹோல்ட் தத்தெடுப்புத் திட்டம் பிறந்தது. பிள்ளை கேட்பவர்கள் ரட்சிக்கப்பட்டவர்களா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி; தங்கள் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி எழுதி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து பேசி, மாதக்கணக்கில் விசாரிக்கும் சமூகப் பணியாளர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. பல குடும்பங்களைப் பற்றி, கடன் கொடுக்குமுன் ஆள் எப்படி என்று விசாரித்துச் சொல்லும் கம்பெனியிடம் அறிக்கை வாங்கிக்கொண்டார். பதிலாள் முறையில், அதாவது அமெரிக்கத் தாய் தகப்பன் கொரியாவுக்கே போகாமல், பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல், அவர்கள் சார்பில் ஹாரியே அங்கே தத்தெடுத்துவிடுவார். பிறகு தனி விமானம் பேசி, அட்டைப்பெட்டித் தொட்டில்களில் குழந்தைகளைக் கிடத்தி அனுப்புவார்கள்.

குழந்தை நலத் துறையில் இருந்தவர்கள் கத்தினார்கள். 1961இல் இந்தப் பதிலாள் முறைக்கு அமெரிக்கச் சட்டம் முடிவு கட்டியது. ஹாரியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: பிள்ளைகள் அங்கே நோயிலும் பசியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள், அவர் கண்ணால் பார்த்தார். ஃபைல் நகரும் வேகத்தைச் சகிக்க முடியாத மனிதர் அவர். அந்த அவசரத்தில் விட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு என்பதுதான் என் வருத்தம். இந்தப் பிள்ளையைப் பெற்றவள் எங்கே, அவளுக்கு என்ன வேண்டும்?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கக் கொரியாவின் பதிவேடும் வசதி செய்து கொடுத்தது. அங்கே அப்போது ஹோஜோக் என்று ஒரு குடும்பப் பதிவேடு இருந்தது. தகப்பன் வழியில்தான் பெயர் ஏறும். தகப்பன் அந்நியச் சிப்பாய் என்றால் பிள்ளைக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். அமெரிக்க விசாவுக்கோ பிள்ளை அனாதை என்று காகிதம் வேண்டும். ஆகவே குழந்தைக்கென்று தனிப் பதிவேடு திறந்தார்கள். குடும்பத் தலைவர்: அந்தக் குழந்தையே. தாய், தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பெற்றவள் உயிரோடு பக்கத்து ஊரில் இருந்தாலும் காகிதத்தில் அவள் பிறக்கவே இல்லை. அன்றைய ஜனாதிபதி சிங்மன் ரீயின் அரசுக்கும் இதில் மனக்கசப்பு கிடையாது. ஒரே நாடு ஒரே இனம் என்று பேசியவர்களுக்குக் கலப்பினப் பிள்ளைகள் வெளியே போனால் சரி.

பிறகு கலப்பினப் பிள்ளைகள் குறைந்தார்கள், அனுப்புவது குறையவில்லை. ஏழைகளின் பிள்ளைகள், அதற்கப்புறம் கல்யாணமாகாத பெண்களின் பிள்ளைகள். நாடு கப்பல் கட்டி, கார் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த 1980களில்தான் உச்சம். 1985இல் மட்டும் 8,000க்கு மேல். 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் சமயம், குழந்தைகளை ஏற்றுமதி செய்யும் நாடு என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியபோதுதான் ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. இதுவரை போனவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். ஹோல்ட் மட்டுமல்ல, வேறு நிறுவனங்களும் சேர்ந்து அனுப்பிய கணக்கு இது.

அந்தக் காகிதங்கள் என்ன செய்யும் என்பதற்கு, ஹோல்ட் வழியில் வராத ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஆவணப்பட இயக்குநர் டியன் போர்ஷே லியெம் 1966இல், எட்டு வயதில் கலிஃபோர்னியா வந்தவர். பாஸ்போர்ட்டில் பெயர் சா ஜுங்-ஹீ, பெற்றோர் இல்லை. வளர்ந்தபின் தன் தத்துக் கோப்பைப் பார்த்தால் உள்ளே இரண்டு சிறுமிகளின் படங்கள். இரண்டின் மேலும் அதே பெயர். நிஜ சா ஜுங்-ஹீயை அவளுடைய அப்பா வந்து இல்லத்திலிருந்து கூட்டிப் போய்விட்டார். அமெரிக்கக் குடும்பமோ அந்தப் பெயருக்காகக் காத்திருக்கிறது. இல்லத்தார் காங் ஓக்-ஜின் என்ற வேறொரு சிறுமியை அந்தப் பெயரில் அனுப்பி, யாரிடமும் சொல்லாதே என்றார்கள். அவளுடைய அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் குன்சான் நகரில் உயிரோடு இருந்தார்கள். தன்னை வளர்த்தவர்கள் அன்பில் குறை வைக்கவில்லை என்று இதைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்திலேயே தெரிகிறது. அதனால்தான் அந்தப் படத்தைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு கொடுமை குடியுரிமை. தத்து வந்த பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை என்ற அமெரிக்கச் சட்டம் 2001 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு 18 வயது நிரம்பியவர்களுக்குப் பொருந்தாது. பெற்றோர் விண்ணப்பிக்க மறந்த பிள்ளைகள் சிலர், ஏதோ வழக்கில் சிக்கியதும், பாஷையே தெரியாத கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. 1956இல் வந்த இந்துத் தத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. சென்னையில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி பிள்ளை எடுத்து வளர்த்தால், 1890ஆம் வருஷச் சட்டப்படி அவர்கள் வெறும் காப்பாளர்களாகத்தான் இருந்தார்கள். அதே சட்டத்தில் காப்பாளராகிக் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் அங்கே தத்தெடுத்துக்கொள்ள அமெரிக்கருக்கு முடிந்தது. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்து, 1984இல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சட்டப்படி அம்மா அப்பா ஆவதற்கு இளம்சிறார் நீதிச் சட்டம் வர வேண்டியிருந்தது. 2000இல் கதவு திறந்தது, 2006 திருத்தத்தில் தெளிவானது.

ஹாரி 1964இல் கொரியாவிலேயே மாரடைப்பில் போனார், இல்சானில் அடக்கம். பெர்த்தாவுக்கு 1966இல் அமெரிக்காவின் சிறந்த தாய் விருது கிடைத்தது. தொண்ணூறு தாண்டியபின் 400 மீட்டர் ஓட்டத்தில் தன் வயதுப் பிரிவில் உலக சாதனை செய்த கிழவி அவர்! கொரியப் பிள்ளைகளுக்கு அவர் 'ஹல்மோனி', பாட்டி. 2000இல் இறந்தபோது கணவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு அதிகம் பிடித்தவர் மகள் மாலி. அம்மாவைப் போலவே நர்ஸ். 1956இல், இருபது வயதில் கொரியாவுக்குப் போனார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தத்துக் கேட்டு வராத பிள்ளைகள், கை கால் வராதவர்கள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் இல்சானில் ஹோல்ட் இல்லத்தில் இருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, 2019இல் கொரியாவிலேயே இறந்தார். அதே வீடு, அதே ஜெபம், அதே வேதாகமம். அப்பா பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார். மகள் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பாவின் திட்டத்தை அவர் கடைசிவரை தாங்கிப் பேசியவர்தான். ஆனாலும் அவர் வாழ்ந்த விதம் வேறொன்றைச் சொல்கிறது.

2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் முதல் கட்ட முடிவை வெளியிட்டது. தத்துப் போன 367 பேர் கொடுத்த புகார்களில் 56 பேரின் விஷயத்தில் உரிமை மீறல் நடந்தது உறுதி. பெற்றோர் இருந்தும் அனாதை என்று பதிவு, ஒரு குழந்தைக்குப் பதில் இன்னொன்று, பெற்றவளின் முறையான சம்மதமே இல்லாத காகிதம். ஜூலையில் தத்துக் கொடுக்கும் பொறுப்பைத் தனியாரிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டது. அக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார்.

தத்துப் போனவர்களில் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். 2020 முதல் அவரவர் நாட்டில் உள்ள கொரியத் தூதரகங்களிலேயே டிஎன்ஏ மாதிரி கொடுக்கலாம் என்று ஏற்பாடு. பெற்றவள் இருந்தால் அவளுக்கு எண்பது இருக்கும். பொருத்தம் கிடைக்க வேண்டுமானால் அவளோ உறவினரோ கொரியாவில் தன் மாதிரியைக் கொடுத்திருக்க வேண்டும்.